நுவரெலியா சிப்பிக் கடையும் அந்த சின்ன கூம்பு நத்தை ஓடும் - என்னோட ரிவியூ

நுவரெலியா போறவங்க புள்ளைங்களுக்கு ஏதாவது வாங்கிட்டு வரணும்னா ஸ்ட்ராபெரி ஜாம், சொக்லட் இதோட நிறுத்திறாம, டவுன்ல இருந்து கிரகரி ஏரி பக்கம் எறங்குற வழியில ஒரு சின்ன சிப்பிக் கடை இருக்கு, அதுக்குள்ள ஒரு எட்டு போயிட்டு வாங்க, போயி கூம்பு நத்தை ஓடு காட்டுங்கன்னு கேளுங்க. நான் தோட்டத்து ஸ்கூல்ல சயன்ஸ் படிப்பிக்கிறேன், கிளாஸ்ல வைக்கத்தான் அங்க வாங்க ஆரம்பிச்சேன், இப்ப அந்தப் பக்கம் போனாலே உள்ள ஏறாம வர்றதில்ல. 5க்கு 4 குடுப்பேன். அந்த ஒரு புள்ளி ஏன் குறைச்சேன்னு கீழ விவரமா சொல்லியிருக்கேன், தயவுசெஞ்சு அதை விட்டுட்டு போயிறாதீங்க, அது ரொம்ப முக்கியம்.

கடை சின்னது தான். முன்னால பார்த்தா வழக்கமான சாமான் எல்லாம் தொங்கும், சோழி மாலை, சிப்பி ஒட்டின கண்ணாடி, கீ டேக், பேர் எழுதித் தர்ற சங்கு, அதெல்லாம் கடலோரத்துல எந்தக் கடையிலயும் கிடைக்கும். நல்லது இருக்கிறது உள்ள. கவுண்டருக்கு கீழ ஒரு ட்ரே வச்சிருக்காங்க, கட்டம் கட்டமா பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் ஒவ்வொரு வகை ஓடு. கேட்டா தான் எடுப்பாங்க. கடை அக்காவோட சொந்த ஊர் திருகோணமலைப் பக்கம், கல்யாணம் கட்டி மலைக்கு வந்தவங்க, அவங்க அண்ணன் தான் அங்க இருந்து சாமான் அனுப்புறாராம். நம்மள அவசரப்படுத்த மாட்டாங்க, லென்ஸ் கூட ஒண்ணு வச்சிருக்காங்க, "எடுத்து நல்லா பாருங்க டீச்சர், வெளிச்சத்துல புடிச்சு பாருங்க"ன்னு அவங்களே வாசல் பக்கம் கூட்டிட்டு வந்து காட்டுவாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வச்சுக்கிட்டு தொடாதீங்க தொடாதீங்கன்னு கத்துற கடைங்களைப் பார்த்து பழகின நமக்கு இது பெரிய விஷயம்.

ட்ரேல ரெண்டு வகை கூம்பு ஓடு எப்பவும் இருக்கும். ஒண்ணு கோனஸ் எப்ரேயஸ், வெள்ளை ஓட்டுல சதுரம் சதுரமா கறுப்புத் திட்டு, வரிசையா சுத்தி வரும், 3ல இருந்து 5 சென்டிமீட்டர் வரைக்கும். இன்னொண்ணு தான் எனக்கு ரொம்ப பிடிச்சது, கோனஸ் ஸ்பொன்சாலிஸ். அது இன்னும் சின்னது, பெருசா வளர்ந்தாலே 3 சென்டிமீட்டர் பக்கம் தான், கடையில கிடைக்கிறது முக்கால்வாசி 2 சென்டிமீட்டர் தான் இருக்கும். முதல்ல பார்த்தா மங்கலா ஒரு வெள்ளைக் கல்லு மாதிரி தான் தெரியும், அதனால நிறையப் பேர் அதை ஒதுக்கிட்டு கறுப்புக் கட்டம் போட்டதையே எடுக்கிறாங்க. லென்ஸ் வச்சு பாருங்க. தோள் பகுதியில சுத்திவர சின்னச் சின்ன முடிச்சு வரிசையா இருக்கும், ஒடம்புல செம்பழுப்பு கலர்ல தீ நாக்கு போல கோடு, கீழ் நுனிக்கு வர வர அப்படியே கத்தரிப்பூ கலர் ஏறும், வாய்க்குள்ள எட்டிப் பார்த்தா அங்கயும் அந்தக் கலர். வாய்னு சொல்றது ஒரு நீளமான ஒடுங்கின வெடிப்பு, மேல தோள்ல இருந்து கீழ நுனி வரைக்கும் நேரா ஓடும், அதுக்குள்ள ஒரு காசு கூட போகாது. அந்த வெடிப்போட வெளி உதடு ஒடையாம இருக்கான்னு நகத்தால மெதுவா தடவிப் பாருங்க, கடையில ஓடு வாங்குறப்ப மொதல்ல பார்க்க வேண்டியது அது தான், ஏன்னா அங்க தான் லேசா தட்டினாலே சில்லு போகும்.

ஸ்பொன்சாலிஸ் ஒண்ணு 250 ரூபா, எப்ரேயஸ் நல்லதா இருந்தா 400. நான் கடைசியா போனப்ப இருந்த விலை இது, ஏப்ரல் சீசன்ல எல்லாத்தோட விலையும் போல இதுவும் ஏறிரும், கூட்டத்துல அக்காவுக்கு நின்னு பேசவும் நேரம் இருக்காது, அதனால சீசன் முடிஞ்சு போங்க.

ஒரு விஷயம் கட்டாயம் கேட்டு வாங்குங்க. கரையில ஒதுங்கின ஓடா, இல்ல உயிரோட புடிச்சு கொன்னு எடுத்த ஓடான்னு. பார்த்தாலே ஓரளவு கண்டுபுடிக்கலாம். அலை அடிச்சு கரைக்கு வந்தது கொஞ்சம் கலர் மங்கி, நுனி தேஞ்சு, அங்கங்க பொடி ஓட்டை விழுந்து இருக்கும். உயிரோட எடுத்தது பளபளன்னு புதுசா, உதடு கூர்மையா இருக்கும். வெறும் அழகு மட்டும் பார்க்கிறவங்க ரெண்டாவதைத் தான் எடுப்பாங்க, கடைக்காரங்களும் அதுக்குத் தான் கூட காசு கேப்பாங்க. ஆனா செத்த நத்தையோட ஓடு கூட கடலுக்குள்ள சும்மா கெடக்கிறதில்ல, துறவி நண்டு அதுக்குள்ள தான் குடியிருக்கு, அப்புறம் நம்ம ஆளுக்காள் அள்ளிட்டு வந்தா அது எங்க போகும். இந்த அக்காகிட்ட கேட்டா ஒளிக்காம சொல்றாங்க, "இது ரெண்டும் கரையில பொறுக்கினது, அந்த மூலையில இருக்கிறது வலையில வந்தது"ன்னு பிரிச்சு காட்டினாங்க. நான் பொறுக்கினதை மட்டும் எடுத்துட்டு வந்தேன், தேஞ்சிருந்தாலும் பாடம் சொல்லிக் குடுக்க அது போதும். இப்படி கேட்டவுடனே பிரிச்சுச் சொல்ற கடை நான் வேற எங்கயும் பார்க்கல, 4 புள்ளியில ரெண்டு இதுக்குத் தான்.

அப்புறம் வாங்குறதுக்கு முன்னால மோந்து பாருங்க. சிரிக்காதீங்க, உண்மையா சொல்றேன். கூம்பு நத்தையோட வாய் ஒடுக்கமா இருக்கிறதால உள்ள இருக்கிற சதையை முழுசா எடுக்கிறது கஷ்டம், கொஞ்சம் உள் சுத்துல தங்கிட்டா வெயில் ஊருல காஞ்சு போயிரும், நம்ம ஊரு 6000 அடிக்கு மேல, மழையும் மூடுபனியும், ஈரம் காயவே காயாது, ரெண்டு வாரத்துல டப்பாவைத் தொறந்தா அழுகின கருவாட்டு வாடை குப்புன்னு அடிக்கும். நான் வாங்கினதுல ஒண்ணு அப்படி வாடை வந்துச்சு, கொண்டு போயி காட்டினேன், ஒரு வார்த்தை பேசாம வேற மாத்திக் குடுத்தாங்க.

சரி, இப்ப அந்தக் கொறைச்ச புள்ளிக்கு வாறேன்.

இந்த ஓட்டுக்குள்ள வாழ்ற நத்தை சும்மா ஊர்ந்து திரியிற பிராணி இல்ல, வேட்டைக்காரன். விஷம் இருக்கு. கூம்பு நத்தையில 700க்கு மேல வகை இருக்கு, எல்லாமே விஷம் வச்சு வேட்டையாடுறது தான். இதுக்கு நாக்குல இருக்க வேண்டிய பல்லு ஒவ்வொண்ணும் நீளமா, உள்ளுக்கு பொள்ளலா, நுனியில கொக்கி வச்ச ஊசியா மாறியிருக்கு. அந்த ஊசிகளை ஒரு பைக்குள்ள தயாரா சேர்த்து வச்சிருக்கும், இரை பக்கத்துல வந்தா ஒண்ணை எடுத்து நீட்டுற குழாயோட நுனிக்கு கொண்டு வந்து விஷத்தோட சேர்த்து பாய்ச்சும், ஒரு ஊசி ஒரு தடவை தான், அடுத்ததுக்கு அடுத்த ஊசி. கண்ணு பெருசா ஒண்ணும் தெரியாது, தண்ணியை ஒரு குழலால உள்ள இழுத்து அதுல வர்ற வாடையை வச்சுத் தான் இரை எங்கன்னு கண்டுபுடிக்கும். பகல்ல மண்ணுக்குள்ள, கல் இடுக்குல பதுங்கிக் கெடக்கும், ராத்திரி தான் வெளிய வரும்.

நம்ம ட்ரேல இருக்கிற ரெண்டு வகையும் புழு தின்னுறது. பாறை இடுக்குல, பவளப்பாறைத் துண்டுக்குள்ள இருக்கிற கடல் புழுவைக் குத்தி வெளிய இழுத்து அப்படியே முழுங்கிரும். ஒரே பாறைத் திட்டுல இத்தனை வகை கூம்பு நத்தை எப்படி அடிச்சுக்காம ஒண்ணா இருக்குதுன்னு அலன் கோன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் ஹவாய்ல தேடிப் பார்த்து 1959ல எழுதினார், ஒவ்வொரு வகையும் பெரும்பாலும் வேற வேற புழுவைத் தின்னுது, அதனால பங்கு போட்டு வாழுதுங்க. இதை நான் கிளாஸ்ல சொன்னா சூழல் பாடத்துல போட்டின்ற பகுதி புள்ளைங்களுக்கு டக்குன்னு ஏறிருது.

புழு தின்னுற சின்ன வகையால மனுஷனுக்கு பெரிய ஆபத்து வர்றது குறைவு, குளவி கொட்டின அளவுக்கு வலிக்கும்னு சொல்வாங்க. ஆனா மீன் தின்னுற வகை இருக்கு, அதுல கோனஸ் ஜியோகிராபஸ்னு ஒண்ணு, அது குத்தி மனுஷங்க செத்திருக்காங்க. மீனை மயக்கிறதுக்கு அது இன்சுலினை தண்ணியில கலந்து விடுதுன்னு 2015ல கண்டுபுடிச்சாங்க, மீனோட ரத்தத்துல சீனி கொறைஞ்சு அது அப்படியே ஆடாம நிக்கும், அப்புறம் வாயை விரிச்சு மூடிரும். கோனஸ் டெக்ஸ்டைல்னு இன்னொண்ணு மத்த நத்தையைத் தின்னுறது, முக்கோணம் முக்கோணமா தங்கக் கலர்ல கோலம் போட்ட ஓடு, பார்த்தா கை தானா போகும், அதுவும் ஆபத்தானது தான். இதெல்லாம் இந்து சமுத்திரத்துல இருக்கிறது. குத்தின எடத்துல சில நேரம் வலியே இருக்காது, மரத்துப் போகும், அப்புறம் பார்வை மங்கி, பேச்சு குழறி, தசை ஓய்ஞ்சு, மூச்சு விடவே முடியாம போகும். இதுக்கு விஷமுறிவு மருந்து இல்ல. ஆஸ்பத்திரியில மூச்சைத் தாங்கிப் புடிச்சு வச்சுக் காப்பாத்தினா விஷம் தானா எறங்கினதுக்கு அப்புறம் ஆள் பொழைச்சுக்கலாம், அதனால நேரம் தான் எல்லாமே.

இதை ஏன் ஒரு கடை ரிவியூல இவ்வளவு நீட்டி எழுதுறேன்னா, இந்த ஓடு விக்கிற அட்டைப் பெட்டியில இதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. "அழகிய கடல் சிப்பி"ன்னு மட்டும் பிரிண்ட் பண்ணியிருக்கு. கடலோரத்துல பொறந்து வளர்ந்த புள்ளைக்கு அப்பாவோ தாத்தாவோ எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க. நம்ம மலைப் புள்ளைங்களுக்கு யாரு சொல்வா? அட்டை கடிச்சா என்ன செய்யணும், குளவிக் கூடு கலைஞ்சா எப்படி குப்புறப் படுக்கணும்னு கொழுந்து எடுக்கிற அம்மா சொல்லிக் குடுத்திருப்பாங்க, கடலைப் பத்தி அவங்களுக்கே தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கூல் ட்ரிப், ராத்திரி பஸ் ஏறி விடியக்காலம் நிலாவெளியிலயோ பாசிக்குடாவுலயோ எறங்குவோம், எறங்கின அடுத்த நிமிஷம் புள்ளைங்க தண்ணியில நிக்கும், கையில கிடைக்கிற சிப்பியெல்லாம் சட்டைப் பையில, கழுசான் பையில போகும். அதுல ஒண்ணு உயிரோட இருக்கிற கூம்பு நத்தையா இருந்தா? அது துணிக்குள்ள இருந்தும் குத்தும். அகலமான பக்கமா புடிச்சா குத்தாதுன்னு சிலர் சொல்றாங்க, அதை நம்பவே நம்பாதீங்க, அந்தக் குழாய் வளைஞ்சு நீண்டு ஓட்டைச் சுத்தி வரும். கையுறை போட்டாலும் பாதுகாப்புன்னு சொல்ல முடியாது.

இன்னொண்ணு இருக்கு, இது நிறையப் பேருக்குத் தெரியாது. கடையில இருக்கிற ஓட்டோட பளபளப்பும் கோலமும் உயிரோட இருக்கிறப்ப வெளிய தெரியாது. மேல ஒரு பழுப்புத் தோல் மூடியிருக்கும், அதுக்கு மேல பாசி படிஞ்சிருக்கும், கல்லோட கல்லா கெடக்கும். ஓடு சுத்தம் பண்றவங்க பிளீச் போட்டு அந்தத் தோலை எடுத்தா தான் கோலம் வெளிய வரும். அப்ப கடையில வாங்கின அழகான ஓட்டைக் காட்டி "இதைத் தொடாதே"ன்னு மட்டும் புள்ளைங்களுக்குச் சொன்னா பத்தாது, கடல்ல அது பார்க்கிறது வேற மாதிரி. அதனால நான் என் கிளாஸ்ல வச்சிருக்கிற சட்டம் ஒண்ணே ஒண்ணு: கூம்பு வடிவத்துல எது இருந்தாலும், செத்ததோ உயிரோ, எந்தக் கலரோ, கை வைக்கக் கூடாது, டீச்சரைக் கூப்பிடணும். எந்த வகைன்னு பார்த்துப் பிரிச்சுச் சொல்றதுக்கு பெரியவங்களுக்கே தெரியாது, பத்து வயசுப் புள்ளை எங்க பிரிக்கும்.

அப்படியும் யாருக்காவது குத்திட்டா, வெட்டாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க. குத்தின கையோ காலோ ஆடாம வச்சு, அகலமான பேண்டேஜால குத்தின எடத்துல இருந்து மேல வரைக்கும் இறுக்கமா சுத்தி (ரத்த ஓட்டம் நிக்கிற அளவுக்கு இல்ல), நடக்க விடாம, 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் கூப்பிடுங்க. மூச்சு நின்னா வாயோட வாய் வச்சு ஊதிக்கிட்டே இருக்கணும், அம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடக்கூடாது. ட்ரிப் போற டீச்சர்மார் பேக்ல ரெண்டு பேண்டேஜ் வச்சுக்கோங்க.

இதை அக்காகிட்டயும் சொன்னேன். கோவப்படல. "டீச்சர் சொல்றது சரி தான், எங்க ஐயா கூட அதைக் கண்டா காலால கூட தட்டாதன்னு தான் சொல்வாரு, ஆனா நான் விக்கிறது வெறும் ஓடு தானேன்னு இருந்துட்டேன்"னாங்க. ஒரு தாள்ல தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன், பெட்டிக்குள்ள போட போட்டோகொப்பி எடுக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. அது நடந்துச்சுன்னா அந்தப் புள்ளியைத் திரும்பக் குடுத்துருவேன்.

புள்ளைங்களைப் பயமுறுத்திட்டு விட்டுறவும் கூடாது, அதனால இதே விஷம் மருந்தான கதையையும் சொல்லுவேன். பிலிப்பைன்ஸ்ல பால்டொமெரோ ஒலிவேரா, லூர்து குரூஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க, 1970கள்ல பெரிய மெஷின் ஒண்ணும் இல்லாத காலத்துல, தங்களோட நாட்டுக் கடல்ல கிடைக்கிற கூம்பு நத்தை விஷத்தை ஆராயத் தொடங்கினாங்க. அந்த வேலை பின்னால அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல தொடர்ந்துச்சு. கோனஸ் மேகஸ்னு ஒரு வகையோட விஷத்துல இருந்த ஒரு பொருளை வச்சு சிகோனோடைட்னு வலி மருந்து வந்துச்சு, 2004 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. மோர்பின் கேக்காத கடுமையான வலிக்கு முதுகுத்தண்டுத் தண்ணியில நேரடியா பம்ப் வச்சு ஏத்துறது. நரம்புல வலிச் செய்தி கடந்து போற கல்சியம் வாசல்ல ஒரு வகையை மட்டும் மூடிரும், மோர்பின் போல அடிமையாக்காது. மீனைச் செயலிழக்க வைக்கிற அதே பொருள் தான். எங்க கிளாஸ்ல ஒரு புள்ளை, அவங்க பாட்டிக்கு கேன்சர், மகரகம கேன்சர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயி வர்றாங்க, இந்தக் கதையைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் அந்த ஓட்டைக் கையில வச்சுக்கிட்டே இருந்துச்சு.

இனி பெக்கிங். இது ரெண்டாவது குறை, ஆனா இதை நம்மளே சரி பண்ணிக்கலாம். அட்டைப் பெட்டி, உள்ள பஞ்சு, அதுல ஓட்டைப் பதிச்சு தர்றாங்க. பார்க்க நல்லா இருக்கு, ஓட்டுக்கு விஷம் அது தான். மரம், பிளைவுட், அட்டை, பஞ்சு இதுல இருந்தெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அமில ஆவி வரும். ஓடு முழுக்க கல்சியம் காபனேற்று, அந்த ஆவியோட சேர்ந்தா மேல வெள்ளை வெள்ளையா பொடி பூக்கும், பூத்தா பளபளப்பு போச்சு, திரும்ப வராது. ஈரம் கூடக்கூட இது வேகமா நடக்கும். பைன்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1899ல இதைப் பத்தி எழுதினார், அதனால பைன் நோய்னு பேர் வந்துருச்சு, நோய் கிருமி ஒண்ணும் இல்ல, வெறும் இரசாயனம். காஞ்ச ஊருலயே இது பிரச்சினைன்னா நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை பக்கம் சொல்லவே வேணாம், அந்தக் கடையோட மர ஷோகேஸ்ல மேல் தட்டுல இருக்கிற பழைய சோழியைப் பாருங்க, பவுடர் போட்ட போல இருக்கும், அதெல்லாம் இது தான். அதனால மேல் தட்டுல இருந்து வாங்காதீங்க, கீழ் ட்ரேல இருந்து வாங்குங்க. வீட்டுக்கு வந்த உடனே பஞ்சைத் தூக்கிப் போட்டுட்டு, ஓட்டை நல்ல தண்ணியில ஒரு ராத்திரி ஊற வச்சு, காத்தாட நல்லா காய வச்சு, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க, சப்பாத்துப் பெட்டிக்குள்ள வருமே அந்தப் பொட்டலம். வார்னிஷ் அடிக்காதீங்க, அடிச்சு வித்தா வாங்காதீங்க.

கிளாஸ்ல பயன்னு பார்த்தா 250 ரூபாவுக்கு இவ்வளவு பாடம் வேற எதுலயும் கிடைக்காது. சுருள் இருக்கிற தலையை மேல வச்சு, வாய் நம்மளைப் பார்க்கப் புடிச்சா வெடிப்பு எப்பவும் வலது பக்கம் தான் இருக்கும், புள்ளைங்க ஆளுக்கொண்ணை எடுத்துப் பார்த்து இது சரியான்னு சோதிக்கும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650ல ஒரு கூம்பு ஓட்டை செப்புத் தகட்டுல கீறி அச்செடுத்தார், பார்த்தபடி கீறினதால அச்சுல சுருள் எதிர்ப்பக்கமா சுத்தி வந்துருச்சு. போன்ல அந்தப் படத்தைக் காட்டி என்ன வித்தியாசம்னு கேட்டேன், பின் வாங்குல எப்பவும் வாயே தொறக்காம இருக்கிற பையன் தான் முதல்ல சொன்னான். ஒடைஞ்ச சில்லு ஒண்ணுல வினாகிரி விட்டா நுரைக்கும், காபன் டையொக்சைட் பாடம் முடிஞ்சுது. அக்காகிட்ட நடுவால அறுத்த ஓடு கேட்டாலும் ஒண்ணு ரெண்டு இருக்கும், 150 ரூபா, வெளிச் சுத்து தடியாவும் உள் சுத்து எல்லாம் கடதாசி போல மெல்லிசாவும் இருக்கிறது தெரியும், நத்தை வளர வளர உள்சுவரைத் தானே கரைச்சு எடம் பண்ணிக்குது. முழு ஓட்டோட சேர்த்து இதையும் வாங்குங்க, எனக்கு எல்லாத்தையும் விட இது தான் கூட உதவியா இருந்துச்சு.

கார்ட் எடுக்க மாட்டாங்க, காசு தான். ஞாயித்துக்கிழமை காலையில தொறக்க லேட் ஆகும், மழை அடிச்சுப் பெஞ்சா நேரத்தோட மூடிருவாங்க, பின்னேரம் 3 மணிக்கு முன்னால போறது நல்லது. ஸ்கூலுக்குன்னு சொன்னா விலை கொறைச்சும் தர்றாங்க. தபால்ல அனுப்ப மாட்டாங்க, ஹட்டன் பக்கத்து டீச்சர்மார் யாருக்காவது வேணும்னா கீழ எழுதுங்க, அடுத்த மாசம் சம்பளம் போட்டதும் போவேன், சேர்த்து எடுத்துட்டு வாறேன். ஸ்பொன்சாலிஸ் எத்தனை, அறுத்தது எத்தனைன்னு தெளிவா சொல்லிருங்க, கரையில பொறுக்கினது மட்டும் தான் எடுப்பேன்.